உங்கள் கொடை, எங்கள் தோகை

நீர்முள்ளிக்காட்டில் ஐப்பசி மாதம் ஏரிக்கரை உடைந்தது. மேட்டில் இருந்தவர்களுக்கு அது வேடிக்கை. பள்ளத்தில் வளை தோண்டிக் குடியிருந்தவர்களுக்கு எல்லாம் போச்சு. வெள்ளெலி, முயல், முள்ளம்பன்றி, கௌதாரி என்று நாற்பது குடும்பங்கள், குஞ்சு குளுவான்களைத் தூக்கிக்கொண்டு வழுக்குப்பாறை மேல் ஏறி உட்கார்ந்தன. சேர்த்து வைத்த தானியம், கிழங்கு, படுக்க விரித்த சருகு, ஒன்றும் மிஞ்சவில்லை.

அவர்களில் ஒருத்தி காத்தாயி என்கிற வெள்ளெலி. அவளுக்கு நாலு குட்டிகள். கண் திறந்து பல் முளைக்கிற பருவம். கடைக்குட்டியின் பெயர் குன்றி. பெயருக்கு ஏற்ற மாதிரி அத்தனை சின்னது. அம்மா வயிறு காய்ந்து கிடந்தால் குட்டிக்குப் பால் எங்கிருந்து வரும்? மூன்றாம் நாளே குன்றி கத்துவதை நிறுத்திவிட்டது. கத்தினாலாவது தேவலையே என்று இருந்தது காத்தாயிக்கு.

சுற்றுவட்டாரக் காடுகள் சேதி கேட்டுப் பதறிப்போயின. அதைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது. எறும்புகள் ஆளுக்கொரு கேழ்வரகு மணியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மலை தாண்டி நடந்தே வந்தன. கிளிகள் கம்பங்கதிர் கொண்டுவந்தன. அணில்கள் தங்கள் பிள்ளைகளுக்கென்று ஒளித்து வைத்திருந்த தினையைத் தோண்டி எடுத்து வந்தன.

"நேரே பாறைக்குப் போய் அவங்ககிட்டயே குடுத்துட்டுப் போறோம்" என்றன கிளிகள்.

"அதெப்படி?" என்று குறுக்கே வந்து நின்றார் மேதியப்பன். அவர் எருமை. காட்டுச் சபையின் தலைவர். "ஒருத்தருக்கு ரெண்டு தடவை போகும், இன்னொருத்தருக்குப் போகாது. எதுக்கும் ஒரு முறை இருக்கு. எல்லாத்தையும் என்கிட்ட ஒப்படைங்க."

எறும்புகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. காரணம் இருந்தது. போன கோடையில் காட்டுத்தீ வந்தபோது, வெந்துபோன காட்டு மான்களுக்கென்று வெளியூர்க்காரர்கள் புல்லுக்கட்டு அனுப்பியிருந்தார்கள். அது மேதியப்பன் பொறுப்பில்தான் வந்தது. "நல்ல புல்லா என்று பார்க்காமல் எப்படிக் கொடுப்பது?" என்று ஒவ்வொரு கட்டாகத் தின்று பார்த்தார். கடைசிக் கட்டு வரைக்கும் அவருக்குச் சந்தேகம் தீரவே இல்லை.

"உங்க கையில மட்டும் குடுக்கமாட்டோம் தலைவரே" என்று எறும்புகள் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டன.

மேதியப்பனுக்கு மானம் போயிற்று. ஆனால் மனுஷர் லேசுப்பட்டவர் இல்லை, எருமைதான் என்றாலும். தன் பெயர் விலைபோகாது என்றால் விலைபோகிற பெயர் ஒன்றைக் கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நேரே குன்றின் உச்சிக்கு ஏறினார்.

அங்கே கலாபநாதர் என்கிற மயில் இருந்தார். 'தோகை அறக்கட்டளை' அவருடையது. மழை வரப்போகிறது என்றால் அகவி முன்கூட்டியே ஊருக்கு அறிவிப்பது அறக்கட்டளையின் சேவை. இலவசம். இந்த மழைக்கு மட்டும் அவருக்குத் தொண்டை கட்டியிருந்ததாம். இருந்தாலும் நல்ல பெயர். எந்த விழாவுக்குப் போனாலும் முன்வரிசை.

"ஐயா, பொருள் ஊரார் தருவாங்க. வைக்க இடம் சபை தரும். நீங்க பெயரை மட்டும் தந்தாப் போதும்" என்றார் மேதியப்பன்.

"பெயர் மட்டும்னு சொல்லாதீங்க. பெயர்தானே எல்லாம்" என்றார் கலாபநாதர். "செய்வோம். ஆனா ஒண்ணு. கொடுக்கிற ஒவ்வொரு மூட்டையிலும் என் தோகையிலிருந்து ஒரு இறகு செருகியிருக்கணும். இறகு இல்லாத மூட்டை கிடங்கை விட்டு ஒரு அடி வெளியே போகக் கூடாது."

"தாராளமா ஐயா."

"அப்புறம் ஒரு வாசகம் வேணும். 'உங்கள் கொடை, எங்கள் தோகை.' எப்படி இருக்கு?"

"மெய்சிலிர்க்குது ஐயா."

பனையோலையில் ஒப்பந்தம் எழுதினார்கள். ஒருவர் குளம்பை வைத்தார், ஒருவர் கால் நகத்தை வைத்தார். இத்தனையும் நடக்கும்போது கலாபநாதர் பாறையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். ஒருதரம் எழுந்து திரும்பியிருந்தால் மேதியப்பனுக்கு விஷயம் விளங்கியிருக்கும். மயிலுக்கு ஆவணிக்கு மேல் தோகை உதிர்ந்துவிடும். மறுபடி முளைத்து நீள்வதற்குத் தை பிறக்க வேண்டும். இது ஐப்பசி. கலாபநாதரின் பின்பக்கம் கோழியின் பின்பக்கம் மாதிரி இருந்தது.

அறக்கட்டளையின் பெயரைக் கேட்டதும் எறும்புகளுக்கும் கிளிகளுக்கும் நிம்மதி. கொண்டுவந்ததையெல்லாம் வழுக்குப்பாறைக்கு மேலே இருந்த குகையில் இறக்கி வைத்துவிட்டு, புண்ணியம் செய்த களைப்போடு ஊர் திரும்பின. தானியம் முழுவதையும் தேக்கிலையில் கொட்டி, நார் போட்டுத் தைத்து, மூட்டை மூட்டையாக அடுக்கினார்கள். குகைக்குக் காவல் கெட்டிமுத்து. அவர் உடும்பு. பிடித்தால் உடும்புப் பிடிதான், அது சுவரானாலும் சரி, சட்டமானாலும் சரி.

மறுநாள் காலையில் காத்தாயி குகை வாசலுக்கு வந்து நின்றாள். கேழ்வரகு வாசனை மூக்கில் ஏறிக் கண்ணைக் கட்டியது.

"அண்ணே, வெள்ளத்துல எல்லாம் போச்சு. நாலு குட்டி இருக்கு."

"தெரியும்மா. உன் பெயர் இருக்கு. உனக்கு ஒரு மூட்டை. அதோ, மூணாவது அடுக்கில நாலாவது."

காத்தாயிக்கு அழுகையே வந்துவிட்டது. "எடுத்துக்கட்டுமாண்ணே?"

"இறகு செருகணுமே."

"செருகுங்க."

"முளைக்கணுமே."

"எது?"

"தோகை. தை மாசம் முளைச்சிரும்."

காத்தாயிக்குச் சந்தேகம் வந்தது. கிண்டல் பண்ணுகிறாரோ என்று நினைத்தாள். கெட்டிமுத்துக்குக் கிண்டல் பண்ணத் தெரியாது. ஒப்பந்த ஓலையை எடுத்து அந்த வரியை ஒரு தடவை முழுக்கப் படித்துக் காட்டினார்.

அவள் மேதியப்பனிடம் ஓடினாள். "எங்க கையில என்னம்மா இருக்கு? எல்லாத்தையும் அறக்கட்டளைக்குக் கொடுத்தாச்சு. அவங்களைக் கேளு" என்று சொல்லிவிட்டு அவர் சேற்றில் இறங்கிவிட்டார். அவள் குன்று ஏறிக் கலாபநாதரிடம் போனாள்.

"கேட்கவே மனசுக்குக் கஷ்டமா இருக்கு" என்றார் கலாபநாதர். உண்மையாகவே கஷ்டப்பட்டார். கண்கூடக் கலங்கியது. "ஆனா நான் என்ன பண்ணட்டும்? முளைக்கலையே."

"இறகு இல்லாமலே குடுங்க சாமி."

"இறகு இல்லாமக் கொடுத்தா யார் கொடுத்ததுன்னு எப்படித் தெரியும்?"

"தின்னவளுக்குத் தெரியும் சாமி."

"உனக்குத் தெரிஞ்சு என்னம்மா ஆகப்போகுது?" என்று கேட்டார். ரொம்ப அன்பாகத்தான் கேட்டார்.

அன்று மாலை அறக்கட்டளையும் சபையும் கூடி அவசரக் கூட்டம் போட்டன. உதிர்ந்த பழைய இறகுகளைத் தேடலாம் என்று முடிவானது. வெள்ளம் அத்தனையையும் அடித்துக்கொண்டு போயிருந்தது. கடைசியில் ஒரு காகம் தன் கூட்டில் மெத்தைக்கு வைத்திருந்த ஒரே ஒரு இறகைக் கொண்டுவந்து கொடுத்தது. மூட்டைகளோ குகை நிறைய. இறகு ஒன்று.

"ஒண்ணு இருந்தாப் போதுமே!" என்றார் மேதியப்பன். "மயிலிறகை ஓலைக்குள்ள வெச்சா குட்டி போடும்னு சின்ன வயசுல கேள்விப்பட்டிருக்கேன்."

கெட்டிமுத்து கலாபநாதரைப் பார்த்தார். கலாபநாதருக்கும் சந்தேகம்தான். ஆனால் போடாது என்று தன் வாயால் எப்படிச் சொல்வது? "மத்த மயிலோட இறகு எப்படியோ, என்னோடது போடும்" என்றார்.

அவ்வளவுதான், தீர்மானம் நிறைவேறியது. இறகை இரண்டு பனையோலைகளுக்கு நடுவில் வைத்து, குகையின் மூலையில் இருட்டான இடமாகப் பார்த்துப் படுக்க வைத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி இறகுக்குப் பசிக்குமே என்று பக்கத்தில் ஒரு பிடி தினையும் வைத்தார்கள்.

காத்தாயி குகை வாசலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளோடு கௌதாரியும் நின்றாள். கௌதாரிக்கு ஆறு குஞ்சுகள். கடைசிக் குஞ்சு நிற்க முடியாமல் அவள் இறக்கைக்குள் சாய்ந்து கிடந்தது.

"அந்த ஒரு பிடியையாவது என் குஞ்சுக்குக் குடுங்கண்ணே" என்றாள் கௌதாரி.

"அது இறகுக்கு ஒதுக்கினதும்மா" என்றார் கெட்டிமுத்து.

இறகைப் படுக்க வைத்த ஆறாம் நாள் காலையில் கௌதாரியின் கடைசிக் குஞ்சு எழுந்திருக்கவில்லை. சபை கூடி இரங்கல் தீர்மானம் போட்டது. மேதியப்பன் அசை போடுவதைச் சற்று நேரம் நிறுத்தி மௌனம் காத்தார். கலாபநாதர் சொந்தச் செலவில் நீளமாக ஒருதரம் அகவினார். ஏழாம் நாள் ஓலையைப் பிரித்துப் பார்த்தார்கள். இறகு ஒன்றே ஒன்றாக, வைத்தது வைத்தபடி இருந்தது. தினையைப் பூச்சி தின்றிருந்தது.

அந்த நேரத்தில்தான் எறும்புகளிடமிருந்து ஆள் வந்தது. "நாங்க குடுத்தது போய்ச் சேர்ந்துச்சா? எல்லாரும் சாப்பிட்டாங்களா? எங்க ஊர்ல கேக்கிறாங்க."

கலாபநாதருக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. பெயர் கெட்டுவிட்டால் அறக்கட்டளை ஏது? ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு மரங்கொத்தியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மரங்கொத்தி படம் செதுக்குகிறவன். நாலு ஊர் வழிகளும் கூடுகிற இடத்தில் ஒரு பெரிய இலுப்பை மரம் உண்டு. அதில் அவன் எதைச் செதுக்குகிறானோ அதை வட்டாரமே பார்க்கும். ஆளை முன்னால் நிறுத்தி, பலகையில் ஒருதரம் கொத்திக்கொண்டு, அப்புறம் மரத்தில் ஏற்றுவான். ஒரு படத்துக்கு ஒரு நாழிகை ஆகும். அதுவரைக்கும் ஆடக் கூடாது, அசையக் கூடாது.

"நாற்பது குடும்பம், நாற்பது படம்" என்று உத்தரவு போட்டார் கலாபநாதர். "ஒவ்வொரு படத்திலும் நான் மூட்டை கொடுக்கிற மாதிரி இருக்கணும்."

"ஐயா, இறகு ஒண்ணுதானே இருக்கு?" என்றார் கெட்டிமுத்து.

"அந்த ஒரு மூட்டையையே எல்லாருக்கும் கொடு. படம் முடிஞ்சதும் வாங்கிக்க. அடுத்தவருக்குக் கொடு."

கெட்டிமுத்து ஒப்பந்தத்தைப் புரட்டினார். கொடுத்ததைத் திரும்ப வாங்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. சரி என்றார்.

குகைக்கு முன்னால் தட்டையான பாறை ஒன்று மேடையானது. முதல் படத்துக்குக் காத்தாயியைக் கூப்பிட்டார்கள். இருப்பதிலேயே எலும்பு தெரிந்தது அவளுக்குத்தான், படத்தில் நன்றாக எடுக்கும் என்று மரங்கொத்தி சொன்னான். குட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நாலையும் கவ்விக்கொண்டு வந்து மேடைப்பாறைக்கு அடியில் இருந்த பொந்தில் படுக்க வைத்துவிட்டு ஏறினாள். கலாபநாதர் பின்பக்கம் தெரியாதபடி நேர்முகமாக நின்றார். இறகு செருகிய மூட்டை அவளுக்கு முன்னால் வந்தது. அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒரு நாழிகை நேரம் கேழ்வரகு வாசனை அவள் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. படம் முடிந்ததும் கெட்டிமுத்து வந்து மூட்டையை வாங்கிக்கொண்டு போனார்.

"அண்ணே, மூட்டை?"

"அடுத்தவங்க படத்துக்கு வேணும்மா."

காத்தாயி கீழே இறங்கிப் பொந்துக்குள் குனிந்தாள். குன்றியின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதற்கே நேரம் பிடித்தது. மூக்கால் தள்ளினாள். அசைவு இருந்தது. ஆனால் தலை தூக்கவில்லை. கௌதாரியின் குஞ்சு கிடந்த கிடை அவள் கண் முன்னால் வந்தது.

மேலே கலாபநாதர் பலகையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என் கொண்டை சரியா விழலை. இந்தப் பொம்பளை வேற மூட்டையை எதோ தன்னோடது மாதிரி கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. நன்றியே தெரியலை. கூப்பிடு, மறுபடி எடுப்போம்."

காத்தாயி மறுபடி மேடை ஏறினாள்.

"குனிம்மா" என்றார் கலாபநாதர். "வணங்குற மாதிரி. இன்னும். இன்னும் கொஞ்சம் குனி. முகம் மூட்டைக்குக் கீழ போகட்டும். ஆங், இதுதான் நன்றி. அப்படியே இரு."

அவள் அப்படியே இருந்தாள். முகம் மூட்டைக்கு அடியில். பல்லுக்கு எதிரே தேக்கிலை. பல்லுக்குக் கீழே, மேடைப்பாறையின் நடுவில், விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. வெடிப்புக்கு அடியில் அவள் குட்டிகள்.

எலிக்கு இதற்கு மேல் யாராவது சொல்லித் தர வேண்டுமா? சத்தமில்லாமல் ஒரு கடி. இன்னொரு கடி. கேழ்வரகு ஒன்றிரண்டாகச் சொட்டி, பிறகு சரசரவென்று வெடிப்புக்குள் இறங்கியது.

"ஆடாதே" என்றான் மரங்கொத்தி.

"ஆடலை சாமி" என்றாள் காத்தாயி, வாயை எடுக்காமல்.

ஒரு நாழிகை ஆயிற்று. படம் பிரமாதமாக வந்திருந்தது. ஆனால் மூட்டை பாதியாக வற்றிப்போய்த் துவண்டு கிடந்தது. கலாபநாதர் அதைப் பார்த்துக் கோபப்பட்டார்.

"கெட்டிமுத்து, என்ன இது சோனி மூட்டை? படத்துல கொழுகொழுன்னு தெரிய வேண்டாமா? உள்ள கொண்டுபோய் ரொப்பிக் கொண்டா. ஒவ்வொரு படத்துக்கும் ரொப்பணும், புரிஞ்சுதா?"

கெட்டிமுத்து மூட்டையைத் தூக்கினார். அடியில் ஓட்டை இருந்தது. அதிலிருந்து நாலு மணி அவர் கால் மேல் விழுந்தது. அவர் ஓட்டையைப் பார்த்தார். பாறை வெடிப்பைப் பார்த்தார். வெடிப்புக்குள்ளிருந்து கொறிக்கிற சத்தம் மெல்லக் கேட்டது. அவர் இடுப்பில் செருகியிருந்த ஒப்பந்த ஓலையை எடுத்து மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.

"ஓட்டையைப் பத்தி இதுல ஒண்ணும் சொல்லலை" என்றார். "இறகு இருக்கு. போதும்." குகைக்குள் போய் இன்னொரு மூட்டையைப் பிரித்து இதில் கொட்டிக்கொண்டு வந்தார்.

அடுத்து முயல் வந்தது. அதற்கும் நன்றியாகக் குனியும்படி உத்தரவு. குனிந்ததும் காத்தாயி பொந்திலிருந்து வெடிப்பு வழியாக அதன் காதில் ஒரு வார்த்தை சொன்னாள். அதன் பிறகு வந்த அத்தனை பேருமே கலாபநாதர் கேட்பதற்கு முன்பே தரையோடு தரையாகக் குனிந்தார்கள். "எவ்வளவு பண்பான ஜனங்க" என்று அவர் உருகிப்போனார். மூட்டை வற்ற வற்றக் கெட்டிமுத்து ரொப்பினார். பொந்துக்குள் பாறைவாசிகள் ஒருபக்கமாக நுழைந்து மறுபக்கமாக வாய் நிறைய அள்ளிக்கொண்டு போனார்கள். கலாபநாதர் ஒருதரம்கூடக் கீழே பார்க்கவில்லை. மரங்கொத்தி ஆடக் கூடாது என்று சொல்லியிருந்தானே.

படம் எடுக்க ஒன்பது நாள் ஆனது. இரண்டாம் நாளே குன்றி ஒரு மணியை முழுசாகக் கொறித்து, உமியைத் துப்பிவிட்டு, இன்னொன்று கேட்டுக் கத்தியது. காத்தாயி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பொந்தில் படுத்துக்கிடந்தாள். ஒன்பதாம் நாள் குகையில் ஒரு மணி இல்லை.

நாற்பது படமும் இலுப்பை மரத்தில் ஏறியது. எறும்புகள் வந்து பார்த்து மகிழ்ந்தன. பக்கத்துக் காட்டுச் சபைகள் எல்லாம் தங்களுக்கும் அறக்கட்டளையின் சேவை வேண்டும் என்று மேதியப்பனிடம் சிபாரிசுக்கு வந்தன.

தை பிறந்தது. கலாபநாதருக்குத் தோகை முளைத்துத் தரையில் புரண்டது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று நாற்பது இறகை எடுத்துக்கொண்டு, மேதியப்பனையும் கூட்டிக்கொண்டு குகைக்கு வந்தார். உள்ளே காலித் தேக்கிலைகள் கிடந்தன. நடுவில் அந்த ஒற்றை இறகு செருகிய ஓட்டை மூட்டை.

"எங்கே எல்லாம்? யாரைக் கேட்டு வெளியே விட்டே?" என்று கேட்டார் கலாபநாதர்.

"விதிப்படிதான் ஐயா. ஒரு மணிகூட இறகில்லாத மூட்டையில வெளியே போகலை" என்றார் கெட்டிமுத்து.

கலாபநாதர் குகையிலிருந்து வழுக்குப்பாறைக்கு இறங்கினார். நாற்பது இறகை என்ன செய்வது? எதிரே கௌதாரி தன் ஐந்து குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தாள். "இந்தாம்மா, முதல் இறகு உனக்குத்தான். வெச்சுக்க" என்று நீட்டினார்.

கௌதாரி இறகைப் பார்த்தாள். நல்ல இறகு. பச்சையும் நீலமுமாக மின்னியது.

"என் கடைசிக் குஞ்சுக்கு ஒரு பிடி தினை போதுமானதா இருந்துச்சு சாமி" என்றாள். "அன்னிக்கு இந்த இறகு இல்லைன்னு நீங்க தரலை."

அவள் குஞ்சுகளைக் கூப்பிட்டுக்கொண்டு புதருக்குள் போனாள். கலாபநாதர் நீட்டிய இறகோடு அங்கேயே நின்றார்.

கொடுப்பவரின் பெயர் வந்து சேரட்டும் என்று பசித்தவரைக் காக்க வைப்பது தர்மம் அல்ல, பாவம்.